பாலைக்கு நிலம் இல்லை

விடைத்தாள் திருத்தும்போது என்னை அதிகம் உறுத்தும் சொல் ‘ஆகவே’. பொதுக்கட்டுரையில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி எழுதிவிடுகிறாள்: ராமநாதபுரம் மழை குறைந்த மாவட்டம், ஆகவே ஏழை மாவட்டம். அவளைக் குறை சொல்ல முடியாது. பாடநூலும் செய்தித்தாளும் அரசின் திட்டக் குறிப்பும் இந்த இரண்டு வாக்கியங்களை இதே வரிசையில்தான் அடுக்குகின்றன. நடுவில் நிற்கும் இணைப்புச் சொல்லிடம் மட்டும் யாரும் சான்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் சராசரியாக ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்தின் சராசரி 700க்குள்தான். மழை குறைந்த ஊர்தான் ஏழை ஊர் என்றால் கோவைப் பெண்பிள்ளைகள் அல்லவா பரமக்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் பஸ் ஏறியிருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். கோவைக்குப் பருத்தி விளையும் கரிசல் இருந்தது, கிணறு வெட்டக் கையில் காசுள்ள உழவர்கள் இருந்தார்கள், 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, பருத்தியில் வந்த பணத்தை ஆலையில் போடத் துணிந்த குடும்பங்கள் இருந்தன. ராமநாதபுரத்தில் பெய்கிற மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தட்டையான நிலம், பல இடங்களில் உவர்ப்பேறிய நிலத்தடி நீர், வைகையின் கடைமடை. அதோடு ஜமீன். மழையைத் தேக்கிய கண்மாய்களைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பது ஜமீன் காலத்திலும் அதற்குப் பிறகும் தீராத வழக்கு. நிலத்தின் குணம் உண்மைதான். ஆனால் அந்தக் குணம் வறுமையாக மாறுவதற்குள் பல கைகளைக் கடந்து வருகிறது. ‘ஆகவே’ என்ற சொல் அந்தக் கைகளை மறைத்துவிடுகிறது.

நிலமே விதி என்கிற வாதம் மேற்கில் பழையது. வெப்பநாட்டு மனிதர்களுக்குச் சோம்பல் இயல்பு என்று 1748இல் மொந்தெஸ்கியூ எழுதினார். 1990களின் இறுதியில் ஜெஃப்ரி சாக்ஸும் சகாக்களும் அதையே இன்னும் நாகரிகமாக, எண்களோடு முன்வைத்தார்கள். வெப்பமண்டலத்தில் இருப்பது, கடலிலிருந்து தள்ளி இருப்பது, மலேரியா ஆகியவை ஒரு நாட்டின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கின்றன என்பது அவர்கள் கட்சி. மக்களின் சோம்பல் காரணமல்ல, கொசு காரணம் என்று சொன்ன அளவில் அது முன்னேற்றம்தான். அதை மறுத்து 2001இல் அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும், காலனியாட்சி விட்டுச்சென்ற நிறுவனங்களும் சொத்துரிமையும்தான் வேறுபாட்டுக்குக் காரணம் என்றார்கள். 2024இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டு கட்சிக்கும் அலகு நாடு. நாட்டுக்குள் வீடு இருப்பதும், வீட்டுக்குள் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் அந்த அட்டவணைகளில் வருவதில்லை.

பெண்ணை வைத்து நிலத்தைப் பார்த்தவர்கள் வேறு சிலர். எஸ்தர் போஸ்ரப் 1970இல், கலப்பை இல்லாத காட்டெரிப்பு வேளாண்மை நடந்த இடங்களில் உழவு பெண்ணின் வேலையாகவும், கலப்பை வந்த இடங்களில் ஆணின் வேலையாகவும் ஆனதைக் காட்டினார். 1974இல் பிரணாப் பர்தன், இந்தியாவின் நெல் விளையும் பகுதிகளில் பெண் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு கோதுமைப் பகுதிகளைவிடக் கூடுதலாக இருப்பதற்கும், நாற்று நடவில் பெண்களின் கை தேவைப்படுவதற்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டார். 2014இல் எலியானா கரன்சா இந்திய மாவட்டங்களின் மண்ணையே எடுத்துக்கொண்டார். ஆழ உழுவதற்குத் தோதான இளகிய மண் உள்ள மாவட்டங்களில் நடவு, களையெடுப்பு போன்ற பெண்களின் வேலைக்குத் தேவை குறைகிறது. களிமண் மாவட்டங்களில் தேவை கூடுகிறது. முதல் வகை மாவட்டங்களில் பெண் குழந்தைகளின் விகிதமும் குறைவு.

மண்ணின் பதத்துக்கும் தொட்டிலுக்கும் இடையே இப்படி ஒரு கோடு போட முடியும் என்பது என்னை உலுக்கியது. ஆனாலும் அந்த ஆய்வை வாசித்து முடித்தபோது வேறொரு கேள்விதான் மிஞ்சியது. கை தேவைப்படும் மண்ணில் பெண் பிழைத்துக்கொள்கிறாள், சரி. பிழைத்தவளுடைய கைக்குக் கூலி என்ன? களிமண் அதைத் தீர்மானிப்பதில்லை.

இந்தக் கேள்வியோடு நான் திணை நடத்தும் வகுப்புக்குப் போகிறேன். நம் துறையில் திணை என்றாலே ‘நிலத்தோடு இயைந்த வாழ்வு’ என்று ஒரு பெருமிதம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முதற்பொருள் நிலமும் பொழுதும், கருப்பொருள் அங்குள்ள மரம், பறவை, உணவு, தொழில், உரிப்பொருள் காதலின் ஒரு நிலை. மலையில் கூடல், காட்டில் இருத்தல், வயலில் ஊடல், கடற்கரையில் இரங்கல். இதைச் சுற்றுச்சூழல் அறம் என்று கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு அந்த அட்டவணை வேறு மாதிரித் தெரிகிறது. அது ஒரு பொருளாதார வரைபடமும்கூட. மருதத்துக்கு ஏன் ஊடல்? வயலின் உபரி ஓர் ஆணைச் சும்மா இருக்க வைக்கிறது, அவனைப் பரத்தையர் தெருவுக்கு அனுப்புகிறது, வீட்டில் தலைவி ஊடுகிறாள். உபரியை விளைவித்த உழவரும் கடைசியரும் அந்தப் பாட்டுகளின் ஓரத்தில் சேற்றில் நிற்கிறார்கள். ஊடுவதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

பாலைதான் இதில் விசேஷம். தொல்காப்பியர் நான்கு நிலங்களைத்தான் தெய்வத்தோடு வகுக்கிறார். பாலை நடுவே வைக்கப்பட்ட திணை, அதற்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று இளங்கோ காடுகாண் காதையில் விளக்கம் தருகிறார். வறட்சி ஓர் இடம் அல்ல, ஓர் இடத்துக்கு நேர்வது என்ற இந்த அறிவு நம்மிடம் அத்தனை காலமாக இருக்கிறது. இருந்தும் ‘வறண்ட மாவட்டம்’ என்று ஒரு பகுதிக்கு நிரந்தரப் பெயர் சூட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம். பெரியாற்று நீர் மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1895இல் ஓர் அணையும் ஒரு சுரங்கமும் அதைக் கிழக்கே வைகைக்குத் திருப்பின. மலை அப்படியே இருந்தது. மதுரைச் சமவெளியின் வயல்கள் மாறின.

அதே பாலையில்தான் பொருள்வயின் பிரிவு வருகிறது. பொருள் தேட ஆண் போகிறான், பெண் வீட்டில் நாள் எண்ணுகிறாள். கடல் கடந்து செல்லும் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் ஒரு நூற்பாவே வைத்திருக்கிறது. இலக்கண வகுப்பில் இதை மரபு என்று சொல்லிக் கடந்துபோகிறோம். பொருளாதாரமாக வாசித்தால் இதன் பொருள் மிகக் கடுமையானது: நிலம் கெட்டால் ஆணுக்கு வழி உண்டு, பெண்ணுக்கு நிலம் மட்டுமே உண்டு. நிலவியலை விதி என்று பேசுகிறவர்கள் கவனிக்காத இடம் இது. மோசமான நிலத்தை விட்டு வெளியேற முடிந்தவனுக்கு அது ஒரு கட்டம். வெளியேற முடியாதவளுக்குத்தான் அது விதி.

ராஜம் கிருஷ்ணனை நான் மறுபடி மறுபடி வாசிப்பது இந்த இடத்தில்தான். குறிஞ்சித் தேன் நீலகிரிப் படகர்களைப் பற்றியது. அலைவாய்க் கரையில் மீனவர்களைப் பற்றியது. கரிப்பு மணிகள் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை, சேற்றில் மனிதர்கள் கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்களை, கூட்டுக் குஞ்சுகள் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைப் பற்றியவை. வரிசையாக வைத்தால் ஒரு திணை வரைபடமே கிடைக்கிறது. களத்துக்குப் போய்த் தங்கி, பார்த்து, கேட்டு எழுதியவர். அதற்காகவே நம் விமர்சன மரபு அவருக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தது. ‘தகவல் நாவல்’, ‘ஆவணம்’, ‘கலையாகவில்லை’. இந்தச் சொற்களை அச்சிலும் கேட்டிருக்கிறேன், கருத்தரங்கத் தேநீர் இடைவேளையிலும் கேட்டிருக்கிறேன். கரிசலை எழுதிய ஆணின் தகவல் ‘மண் வாசனை’ ஆகிவிடுகிறது, உப்பளத்தை எழுதிய பெண்ணின் தகவல் தகவலாகவே நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டால் நடை என்பார்கள். அவருடைய நடையில் தட்டையான பக்கங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘தகவல்’ என்று தள்ளப்பட்ட பகுதிகளில்தான், நிலத்தின் குணம் ஓர் உடலின் மீது வறுமையாக இறங்கும் வழி முழுக்கத் தெரிகிறது.

உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக் கரை ஏன் உப்புக் கரை ஆனது என்பதற்கு நிலவியல் பதில் துல்லியமானது. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுகிறது, காற்று மட்டும் வறண்டு வந்து சேர்கிறது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மீதி மாதங்களில் வெயில், காற்று, தட்டையான களிமண் தரை. கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ தெப்பங்களில் நிறுத்தி அடர்த்தி ஏற்றி, பாத்தியில் பாய்ச்சினால் உப்பு படிகிறது. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டின் உப்பு தமிழ்நாட்டில்தான் அதிகம் விளைகிறது, அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. எந்த வெயிலும் காற்றும் மழையின்மையும் பயிருக்குப் பகையோ, அவையே உப்புக்கு மூலதனம். அதாவது ‘மோசமான நிலவியல்’ என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை. உப்பைப் பொறுத்தவரை இது பொன் விளையும் பூமி. பிறகு ஏன் அளத்தில் வேலை செய்கிறவர்கள் ஏழைகள்?

‘நெய்தல் தொழில்: மீன் பிடித்தல், உப்பு விளைத்தல்’ என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, “மேம், விளைத்தல்னா வாருறதா, சுமக்கிறதா?” என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவள் வீட்டில் இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு ஆட்கள். பாத்தியில் உப்பை வாருவது பெரும்பாலும் ஆண்கள். வாரிய உப்பைத் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொண்டுபோய்க் குவிப்பது பெண்கள். விளைத்தல் என்ற ஒற்றை வினைக்குள் இந்த ஏற்பாடு முழுவதும் அடங்கி மறைந்திருக்கிறது. பழம்பாட்டிலும் உப்பைக் கூவி நெல்லுக்கு மாற்றும் பெண் வருவாள், வண்டியோடு உமணர் வருவார்கள். அவளுடைய அழகைத் தலைவன் பார்ப்பான். அவள் கழுத்து எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

கரிப்பு மணிகள் அந்தக் கழுத்தைப் பார்க்கிறது. பொன்னாச்சி என்ற இளம்பெண் தம்பியோடு அளத்து வேலைக்கு வருகிறாள். உப்புநீரில் கால் வெடிப்பது, வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் எரிவது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமை, மறைவாக ஒதுங்க இடமில்லாமை என்று அந்த நாவல் நிலத்தின் குணங்களை ஒவ்வொன்றாக உடலின் உறுப்புகளுக்கு மாற்றுகிறது. வாசகர்களுக்கு அலுப்பூட்டுவதாகச் சொல்லப்படும் பக்கங்கள் இவை. எனக்கு அந்த அலுப்பே அர்த்தமுள்ளதாகப் படுகிறது. அந்த வெளியில் நிழல் இல்லை, வாசகிக்கும் தரப்படவில்லை. கூடவே கண்ட்ராக்டரின் பார்வை வருகிறது. திறந்த வெளி, ஒதுங்க இடமில்லாத வெளி, பெண்ணைக் கண்காணிப்பதற்கு எவ்வளவு வசதியானது என்பதை நான் எந்த நிலவியல் புத்தகத்திலும் படித்ததில்லை. அங்கே நிழலும் கதவும் இல்லாதது இயற்கையின் ஏற்பாடு அல்ல. ஒரு கொட்டகை போடுவதற்கும் ஒரு கழிப்பறை கட்டுவதற்கும் களிமண் தரை தடை சொல்லாது.

மழைக்காலத்தில் உப்பு இல்லை, வேலை இல்லை, கூலி இல்லை. அளத்தின் உரிமையாளருக்கும் அது பருவம்தான், ஆனால் அவருடைய உப்பு அம்பாரமாகக் குவிந்து கீற்றுப் போர்த்திக் காத்திருக்கும். தொழிலாளியிடம் குவித்து வைக்க ஒன்றும் கிடையாது. ஒரே மழை இருவர் மீதும் பெய்கிறது, ஒருவருக்கு அது இடைவேளை, மற்றவருக்குக் கடன். அந்த மாதங்களில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரப்படும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மூன்று மாதப் பட்டினிக்கு அது போதாது. ஆனாலும் மழையின் விளைவை ஒரு சட்டமோ ஓர் அரசாணையோ மாற்ற முடியும் என்பதற்கு அது ஒரு சின்ன ஒப்புதல். உப்புக்காக 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்தோம், ருக்மிணி லட்சுமிபதி சிறை போனார், வரலாற்றுப் புத்தகத்தில் உப்பு தேசத்தின் குறியீடாகிவிட்டது. அதைச் சுமந்தவர்களுக்கு மழைக்காலம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள இன்னும் 91 ஆண்டுகள் ஆயின.

உப்பளம் வறண்ட நிலம், அதனால்தான் ஏழ்மை என்று இன்னும் யாராவது சொன்னால் காவிரிக் கழிமுகத்துக்கு அழைத்துப் போகலாம். நிலவியல் கோட்பாட்டின்படி கீழத்தஞ்சைக்கு எல்லாம் வாய்த்திருக்கிறது: வண்டல், ஆறு, வாய்க்கால், தட்டையான தரை, கடற்கரை, துறைமுகம். போஸ்ரப்பின், பர்தனின் பார்வையிலும் இது பெண்ணுக்குச் சாதகமான நிலம். நெல், நடவு, களை எல்லாமே பெண்களின் கையை எதிர்பார்ப்பவை. அங்கேதான் பண்ணையாள் முறை இருந்தது. அதைக் கட்டுப்படுத்தவே 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. அங்கேதான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், அனைவரும் தலித்துகள். பின்னணியில் இருந்தது சங்கமும் சிறிதளவு நெல் கூலி உயர்வும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நடக்கிறவர் யார், நடக்காதவர் யார் என்பதும் ஒரு நிலவியல்தான்.

மண் வளமானது என்பதால் அதன் விலை உயர்வு. விலை உயர்வு என்பதால் அதை யாரும் கைவிட மாட்டார்கள். புஞ்சைக்காட்டில் ஒரு தலித் குடும்பம் எப்படியாவது ஒரு குறுக்கம் வாங்கிவிடலாம், நஞ்சையில் அது தலைமுறைக் கனவு. வளம் கூடக்கூட நிலமற்றவர்களின் எண்ணிக்கை கூடும் இந்த முரணைச் சேற்றில் மனிதர்கள் நாவல் விளக்க முயல்வதில்லை, காட்டுகிறது. அதில் வரும் பெண்கள் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, அத்தனைக்கும் பிறகு அளந்து போடப்படும் நெல்லுக்காகக் களத்து மேட்டில் நிற்பவர்கள். கரன்சாவின் அட்டவணையில் இவர்கள் பிழைத்த பெண்களின் கணக்கில் வருவார்கள்.

இதே மண்ணில் வேறொன்றும் நடந்தது. வெண்மணிக்குப் பிறகு அங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவர் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களிடம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிந்தார்கள். இதை நம் பெண்ணிய எழுத்து போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை. காந்தியம் என்றதும் நாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறோம். பட்டாவில் ஒரு பெயர் மாறியதில் அந்த மண்ணின் ரசாயனம் மாறவில்லை, ஆறும் திசை மாறவில்லை. அந்த வீட்டில் யார் யாரைக் கேட்டு நெல்லை விற்பது என்பது மாறியது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் கையில் இருக்கும் சாகுபடிக் கைப்பற்றுகள் ஏறத்தாழ 14 விழுக்காடு. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குச் சம சொத்துரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்ற பெருமையோடு இந்த எண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

லாஃப்டியின் கதை அங்கே நிற்கவில்லை. 1990களில் அந்தக் கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. தட்டையான தரை, உவர்நீர், அருகில் கடல் ஆகியவை இறாலுக்கும் உகந்தவை. ஏற்றுமதிக் கணக்கில் அது வளர்ச்சி. வயலுக்குப் பக்கத்தில் உப்புநீர் நின்றது, கிணறு உவர்த்தது, நடவு வேலை போனது, குடத்தோடு நடக்கும் தூரம் கூடியது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. நெய்தல் மருதத்துக்குள் நுழைந்ததைத் திணைமயக்கம் என்று என் மாணவிகள் எழுதினால் மதிப்பெண் போடுவேன்.

சிவகாசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. மழை பொய்த்த, காய்ந்த ஊர் என்பதால் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன என்பார்கள். ஈரமில்லாத காற்று மருந்துக்கு நல்லது என்பது உண்மை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்ததும் உண்மை. அங்கே குழந்தைகள் வேலை செய்ததற்கும், அவர்களில் பெண்பிள்ளைகளே அதிகமாக இருந்ததற்கும் வறண்ட காற்று காரணமில்லை. ஆண்பிள்ளையைப் பள்ளிக்கும் பெண்பிள்ளையை விடியுமுன் வரும் ஆலை வண்டிக்கும் அனுப்பியது மழையளவு அல்ல. கூட்டுக் குஞ்சுகள் எழுதப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் கழித்துத்தான், 1996இல், உச்சநீதிமன்றத்தின் கடுமையான தீர்ப்பு வந்தது. இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த ஒரு வட்டாரத்தில் உற்பத்தியாகிறது. அந்த விருதுநகர் மாவட்டத்தையும் ராமநாதபுரத்தையும்தான், தமிழ்நாட்டில் இந்த இரண்டை மட்டும், 2018இல் ஒன்றிய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்தது. இத்தனை உற்பத்தி செய்யும் மாவட்டம் இன்னும் விழைந்துகொண்டே இருக்கிறது என்றால், உற்பத்தியான பணம் எந்தத் திசையில் வடிந்தது என்று கேட்க வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனோடு எனக்குச் சண்டையும் உண்டு. அவருடைய நாவல்களில் பெண்ணின் மீட்பு அடிக்கடி ஓர் ஆண் தோழரின் வழியாக வருகிறது. கரிப்பு மணிகளில் காதலும் சங்கமும் ஒரே ஆளின் கையில் வந்து சேர்வது கதைக்கு வசதி, பொன்னாச்சிக்கு அது இன்னொரு சார்பு. தலித் பெண்களை அவர் பரிவோடு பார்க்கிறார், அந்தப் பரிவு வெளியிலிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. சாதி அவரிடம் பல இடங்களில் வர்க்கத்தின் மறுபெயராகிவிடுகிறது. குறிஞ்சித் தேனில் மலை மாறுவதை, பணப்பயிரும் அணையும் வருவதை அவர் எழுதும்போது இழப்பின் அழகு அவரைக் கொஞ்சம் மயக்கிவிடுகிறது. உப்பளத்தில் அப்படி நேரவில்லை. அங்கே அழகு பார்க்க இடமில்லாமல் போனது அவருக்கு நல்லதாயிற்று.

அவர் எழுதாமல் விட்ட ஒரு பயணம் இருக்கிறது. பொருள்வயின் பிரிவில் இப்போது பெண் போகிறாள். ராமநாதபுரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் இன்னும் பல மாவட்டங்களிலிருந்தும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளுக்குப் பதின்வயதுப் பெண்கள் போனார்கள். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. அந்தத் திட்டத்துக்குச் ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்தவர் யாரோ, தொல்காப்பியம் படித்தவராக இருக்க வேண்டும். பெண் வீட்டை விட்டுப் போகலாம், ஆனால் வாயிலில் காவலாளி இருப்பான், கைப்பேசி வார்டனிடம் இருக்கும், அவள் ஈட்டும் பொருள் அவளைத் திரும்ப ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே செலவாகும். மழை குறைந்த கோவைச் சமவெளியின் வளத்தில் மழை கூடுதலான ராமநாதபுரத்தின் மகள்களுடைய இரவுப் பணி இருக்கிறது. கட்டுரையில் ‘ஆகவே’ போடும் மாணவியிடம் நான் சொல்வது, அந்த இரண்டு மாவட்டங்களையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார் என்பதுதான்.

திணை அட்டவணையைக் கரும்பலகையில் முடிக்கும்போது சிறுபொழுது வரும். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். இப்போது தூத்துக்குடி அளங்களில் பல பெண்கள் வெயிலுக்குத் தப்பப் பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கே வேலை தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் எழுந்து சோறு வடித்து வைத்திருப்பார்கள். வெயில் ஏறுமுன் சுமந்து முடித்து, பகலில் வீடு திரும்பி, தண்ணீர் பிடிக்க நிற்பார்கள். என்னிடம் சுமத்தலா வாருதலா என்று கேட்டவள் இதையும் கேட்டாள்: “அம்மாவுக்கு எந்தப் பொழுது எழுதணும் மேம்?” அட்டவணையில் நெய்தலுக்கு நேரே எற்பாட்டை எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விடச் சொன்னேன்.